பூஜை அறையில் பதினேழு எருமைகள்

அரசுத் தேர்வுக்காகக் கும்பகோணத்தில் படித்தபோது பயிற்சி வகுப்பில் ஒரு வழி சொல்லித் தந்தார்கள். நன்றாகத் தெரிந்த வீடு ஒன்றை நினைத்துக்கொண்டு, அறைக்கு ஒரு பாடத்தைப் படமாக வைக்க வேண்டும். படம் விபரீதமாக இருந்தால் மறக்கவே மறக்காதாம்.

எங்கள் வீட்டில் இருந்ததே ஒரே அறை. அதனால் ஊர்ப் பண்ணையாரின் வீட்டை எடுத்துக்கொண்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அப்பாவோடு கொல்லைப்பக்கமாக நுழைந்து எல்லா அறைகளையும் பார்த்திருக்கிறேன். பூஜை அறை வாசலில் மட்டும் எங்களை நிறுத்திவிட்டார். "ஒனக்கெல்லாம் படிப்பு ஏறாது, சுண்ணாம்ப கலக்கு" என்று அவர் என்னிடம் சொன்னதும் அங்கேதான்.

மனதுக்குள் தினமும் முன்வாசல் வழியாகச் செருப்போடு நுழைந்தேன். உப்புச் சத்தியாகிரகத்துக்காக அவர் மெத்தையில் ஒரு மூட்டை உப்பைக் கொட்டினேன். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் பதினேழாவது பிரிவுக்காக, அந்தப் பூஜை அறையில் பதினேழு எருமைகளைச் சேறும் சாணியுமாகக் கட்டினேன். தேர்வில் ஒன்றுகூட மறக்கவில்லை.

போன மாதம் பட்டா மாற்றுவதற்காக, தாலுகா ஆபீசில் என் மேசை முன்னால் பண்ணையார் வந்து நின்றார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வேண்டிய பத்திரங்களையும் விதிகளையும் எதையும் புரட்டிப் பார்க்காமல் வரிசையாகச் சொன்னேன்.

"எல்லாத்தையும் மனப்பாடமா சொல்றீங்களே, எங்க படிச்சீங்கம்மா?"

"உங்க வீட்டுலதாங்க" என்றேன்.