காற்றுப்பை விளக்கும் கடைசி லாபமும்

கார் எலெக்ட்ரீஷியனிடம் வருகிற யாரும் வண்டியில் என்ன கோளாறு என்று கேட்பதில்லை. டேஷ்போர்டில் எரிகிற விளக்கை அணைத்துத் தரச் சொல்வார்கள், அவ்வளவுதான். உங்கள் வண்டியிலும் ஏதாவது ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், நாமெல்லாம் ஒரே கூட்டம்தான். தொண்ணூறுகளின் கடைசியில், தெற்கே எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் ஒரு ஷெட்டில் பாதி எனக்கு, மீதி தங்கையாவுக்கு. அவர் டிங்கர், நசுங்கிய கதவையும் மட்கார்டையும் தட்டி நிமிர்த்துகிறவர். எனக்கு வயர், பேட்டரி, விளக்கு. அங்கே ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு விளக்கோடு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

வால்வைத் தேடினார்கள்

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு டவுனில் மருந்துக்கடை. பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, கப்பலில் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரையும் கொண்டுவந்துவிட்டார். இரண்டே கதவு, இரண்டே சீட். நம் ஊர் வேகத்தடைகளில் வயிறு உரசாமல் அதை ஏற்றி இறக்குவதே ஒரு வித்தை. ஸ்டீயரிங்குக்குள் காற்றுப்பை இருந்தது. எங்கேயாவது மோதினால் பட்டென்று உப்பி, ஓட்டுகிறவரின் முகமும் நெஞ்சும் அடிபடாமல் காக்கும். சாவியைத் திருப்பினால் அதற்கென்று இருக்கிற விளக்கு எரிந்து, ஆறு எண்ணுவதற்குள் தானாக அணைய வேண்டும். அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பை வேலை செய்யாது என்று அர்த்தம். அண்ணாச்சியின் வண்டியில் இரண்டு மாதமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காற்றுப்பையைக் கண்ணால் கண்ட எலெக்ட்ரீஷியன் அப்போது எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் யாருமில்லை. என்னிடம் வருவதற்கு முன் அண்ணாச்சி பக்கத்து பங்க்சர் கடைக்குப் போயிருக்கிறார். ‘ஏர் பேக்’ விளக்கு எரிகிறது என்று கேட்டதும் கடைக்காரர் காற்றடிக்கும் குழாயோடு வந்து, ஸ்டீயரிங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வால்வு எங்கே என்று கால் மணி நேரம் தேடிவிட்டு என் ஷெட்டைக் கை காட்டிவிட்டார். தங்கையா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், பின்பக்கம் குனிந்து பார்த்தார், நிதானமாகக் கேட்டார்: “சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது சரிதான் அண்ணாச்சி. ஒரு வாழத்தார் வைக்க இதுல இடம் இருக்கா?”

டெஸ்ட் விளக்கைக் கீழே வைத்தேன்

எங்கள் தொழிலில் எதற்கும் முதலில் கையில் எடுப்பது டெஸ்ட் விளக்கு. ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், ஒரு கூர்முனை. எந்த வயரில் கரண்ட் வருகிறது என்று குத்திப் பார்ப்போம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு மஞ்சள் வயர் தெரிந்தது. குத்தப் போனேன். “தம்பி, அதைத் தொடாதீங்க” என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. சங்கரலிங்கத்தின் மனைவி கோமதி, கணக்கு டீச்சர். பை உப்புவது உள்ளே இருக்கிற வெடிமருந்தால்தானாம். டெஸ்ட் விளக்கு வழியாகப் போகிற துளிக் கரண்ட்டே அதை வெடிக்க வைக்கப் போதுமாம். அப்போது என் மூக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஒரு சாண் தூரம்தான் இருந்தது. டெஸ்ட் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தையும் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

டீச்சருக்கு இது ஏட்டில் படித்த விஷயமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சிங்கப்பூரில் அவர் ஓட்டிப்போன வேறொரு காரில் லாரி மோதிவிட்டது. காற்றுப்பை விரிந்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. இப்போது களக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டியிருந்தது. அந்த விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தால், திங்கட்கிழமை இந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தார். களக்காட்டுக்குத்தான் நிறைய பஸ் இருக்கிறதே என்றார் தங்கையா. டீச்சர் கோபப்படவில்லை. “இருக்கு அண்ணாச்சி. ஆனா பஸ்ல போறதும், பயந்துக்கிட்டு பஸ்ல போறதும் ஒண்ணு இல்லல்லா?”

சிங்கப்பூர்த் தாள்

சங்கரலிங்கம் சிங்கப்பூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த நண்பருக்கு போன் போட்டார். மறுநாள் ஜங்ஷன் எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபேக்ஸில் இரண்டு தாள் வந்தது. விளக்கு சும்மா சிமிட்டவில்லை, எண்ணிக்கை சொல்கிறது என்று அதில் போட்டிருந்தது. எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணி, பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். தன் நோயைத் தானே வாய்விட்டுச் சொல்கிற வண்டியை நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சக தொழிலாளிகள்தான் புரிந்துகொள்வார்கள்.

வெயிலில் விளக்கு சரியாகத் தெரியவில்லை. தங்கையா துண்டைத் தலையோடு மூடிக்கொண்டு டேஷ்போர்டுக்குள் பார்த்து உரக்க எண்ணினார். நான் பேட்டரி பக்கம் நின்றேன். சங்கரலிங்கம் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். தங்கையாவின் அப்பா அறுப்புக் களத்தில் நெல் அளந்தவர். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள். முதல் அளவுக்கு ‘லாபம்’, அப்புறம்தான் ரெண்டு, மூணு. தங்கையாவுக்கு எதை எண்ணினாலும் அதுதான் வாயில் வரும். “லாபம், ரெண்டு, மூணு” என்றார். கொஞ்சம் விட்டு, “லாபம்” என்றார். இன்னும் கொஞ்சம் விட்டு, மறுபடியும் “லாபம், ரெண்டு, மூணு.” துண்டுக்குள் வேர்த்து வழிந்ததில் மனிதர் தடுமாறி, திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார் என்று நானும் நினைத்தேன், சங்கரலிங்கமும் நினைத்தார். மூன்று என்று எழுதிக்கொண்டார்.

பட்டியலில் மூன்றுக்கு நேரே, ஸ்டீயரிங்கில் இருக்கிற பையே கெட்டுவிட்டது, புதிது மாற்று என்று இருந்தது. புதுப் பை கப்பலில் வந்து சேர மூன்று மாதமாவது ஆகும். சங்கரலிங்கம் தாளைச் சுருட்டிக்கொண்டே, மனைவிக்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னார்: “மூணு மாசத்துல அவ மனசு மாறிரும் பேச்சிமுத்து. ரெண்டு வருசம் கழிச்சு இப்பதான் ‘ஓட்டுதேன்’னு அவ வாயால சொல்லியிருக்கா.”

குறுக்கு வழி

இப்போது ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லப் போகிறேன்; மற்ற எலெக்ட்ரீஷியன்கள் மன்னிக்க வேண்டும். அணையாத எந்த விளக்கையும் ஆயில் விளக்கின் வயரோடு சேர்த்துவிடலாம். ஆயில் விளக்கு சாவி போட்டால் எரியும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையும். சேர்த்த விளக்கும் கூடவே எரிந்து கூடவே அணையும். பார்க்கிறவர் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். யோசனை தங்கையாவுடையது, சம்மதம் சங்கரலிங்கத்துடையது, வேலை என்னுடையது. களக்காட்டு ரோட்டில் மோதுவதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று சங்கரலிங்கம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு பெண்ணின் பயத்தைப் போக்குகிற நல்ல காரியம் செய்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றியது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை டீச்சர் வந்தார். சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. ஆறு ஆனது, பத்தும் ஆகியிருக்கும். விளக்கு அணைவதாக இல்லை. நான் ஜன்னல் பக்கம் குனிந்து, என்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்றேன். செய்தார். விளக்கு அணைந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் புருஷன் முகத்தைப் பார்த்தார். அவர் பங்க்சர் கடையில் ஏதோ அதிசயம் நடப்பது போல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். “என்ஜினுக்கும் பைக்கும் என்ன சம்பந்தம் தம்பி?”

விட்டுப்போன எண்

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. சேர்த்த வயரைப் பிரிக்கச் சொன்னார், பிரித்தேன். விளக்கு பழையபடி சிமிட்டத் தொடங்கியது. ஷெட்டில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்படி எண்ணினீர்களோ அப்படியே இன்னொரு தடவை எண்ணுங்கள் என்றார். தங்கையா மறுபடியும் துண்டுக்குள் தலையை விட்டார்.

ஐந்து சுற்று பொறுமையாகக் கேட்டார். மூணுக்கு அப்புறம் ஏன் ஒரு லாபம் தனியாக வருகிறது என்று கேட்டார். வேர்வையில் தடுமாறித் திரும்பத் தொடங்குகிறார் என்றேன் நான். தங்கையா துண்டை விலக்கினார். “அது சிமிட்டுது, நான் எண்ணுதேன். நான் எங்க டீச்சர் தடுமாறுனேன்?” என்றார். தடுமாறுகிறவர் ஐந்து தடவையும் ஒரே இடத்தில் தடுமாற மாட்டார் என்று டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். முதலில் மூன்று, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒன்று. வண்டி இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது மூன்றில்லை, முப்பத்தொன்று. லாபம் என்றால் தொடக்கம் என்று மட்டும்தான் எங்கள் காதுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் ஒரு எண் என்பது மறந்தே போய்விட்டது. சங்கரலிங்கம் அவசரமாக இரண்டாவது தாளைப் பிரித்தார். முப்பத்தொன்றுக்கு நேரே, முன்பக்க சென்சாரின் வயர் இணைப்பைப் பார் என்று இருந்தது. அப்படியானால் பை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. டீச்சர் சிரிக்காமல் சொன்னார்: “நெல்லு அளந்த ஊர்க்காரங்க மூணு பேரு சேந்து, கடைசி லாபத்தக் களத்துலயே விட்டுட்டு வந்திருக்கீங்க.”

நாலு பழம்

பேட்டரியைக் கழற்றி, தாளில் சொன்னபடி பத்து நிமிஷம் காத்திருந்து, முன்பக்க கிரில்லைக் கழற்றினேன். சென்சார் என்பது மோதலை உணர்ந்து பைக்குத் தகவல் சொல்கிற சின்னப் பெட்டி. அதற்கு நேர் மேலே கறுப்புக் கயிற்றில் நாலு எலுமிச்சம்பழம், மிளகாயோடு கட்டித் தொங்கியது. ஒன்று புதுசு, இரண்டு அழுகியது, ஒன்று காய்ந்து கல்லாகிவிட்டது. சாறு சொட்டிச் சொட்டி, வயர் சேருகிற இடம் முழுக்கப் பச்சைக் களிம்பு.

கட்டியது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சங்கரலிங்கத்தின் முகமே சொல்லிவிட்டது. வண்டி ஊருக்கு வந்ததிலிருந்து அமாவாசைக்கு ஒன்று கட்டியிருக்கிறார். வெளியே தொங்கவிட்டால் டீச்சர் கேலி செய்வார் என்று உள்ளே. பழசைக் கழற்றிப் போட மனசு வரவில்லை. “அன்னைக்கு ஆஸ்பத்திரில அவளப் பாத்ததுல இருந்து எனக்கும் தூக்கம் இல்ல” என்று என்னிடம்தான் சொன்னார், மனைவியிடம் இல்லை. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சர் ஒரு பேப்பரை விரித்து நாலு பழத்தையும் வாங்கிக்கொண்டார். “நீங்களும் பயந்துக்கிட்டா இருந்தீங்க? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலையே.”

பாலம் வரை

களிம்பைச் சுரண்டித் துடைத்து, அரித்துப்போன இடத்துக்குப் புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்தேன். பேட்டரியை மாட்டினேன். டீச்சர் சாவியைத் திருப்பினார். ஆறாவது எண்ணில் விளக்கு தானாக அணைந்தது. நான் என்ஜின் பக்கமே போகவில்லை என்பதைக் கவனிக்கச் சொன்னேன். அப்படியும் நம்பவில்லை. சென்சார் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னார். கழற்றினால் மூன்று, ஒன்று என்று சிமிட்டியது, மாட்டினால் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிஷம் காத்திருந்து, மூன்று தடவை செய்து காட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் செய்து வைத்த காரியத்துக்கு அது நியாயமான தண்டனைதான்.

அப்புறம் டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. விட்டால் கழன்று ஓடிவிடும் என்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். சங்கரலிங்கம் பக்கத்து சீட்டில் ஏற வந்தார். டீச்சர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு என்னை ஏறச் சொன்னார். “பைய போ, அவசரம் ஒண்ணுமில்ல” என்று சங்கரலிங்கம் ஜன்னலுக்குள் தலையை விட்டு இரண்டு தடவை சொன்னார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. நான் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு முன்னால் இருக்கிற டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தேன். அங்கே பை எதுவும் இல்லை. அந்த வண்டிக்கு ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்தான்.

பாலத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. டீச்சர் ஒதுங்கவும் இல்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. கீழே ஆற்றில் யாரோ வேட்டியை அலசிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் நடுவில் அவர் கையைப் பார்த்தேன், பிடி தளர்ந்திருந்தது. அவரும் ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தார். “ஏன் தம்பி கதவ இந்தப் பிடி பிடிச்சிருக்கீங்க? பை என் பக்கந்தான், சரி. ஆனா வண்டியச் சரி பண்ணுனது நீங்கதானே?”

திங்கட்கிழமை அவர் தனியாகவே களக்காட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். நானோ அன்றிலிருந்து எந்த வண்டியையும் சரியாகிவிட்டது என்று கொடுப்பதற்கு முன், அதன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று ஒரு தடவை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.