மாரியாத்தாளுக்கு ஒரு கண்ணி

மஞ்சள் தண்ணீரில் நனைந்த கையால் தட்டினால் கும்மிக்கு ஒரு சத்தம், காய்ந்த கையால் தட்டினால் வேறு சத்தம். நனைந்த கை ‘சளப்’ என்று அடங்கிவிடும். காய்ந்த கை ‘சட்’டென்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். செந்துறைப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலில், ஆடி மாதம் முளைப்பாரிச் சட்டிகளை நடுவில் இறக்கி வைத்துவிட்டு, கீழத்தெருப் பெண்கள் வட்டம் கட்டி அடிக்கிற அந்தக் கும்மிச் சத்தத்தை வைத்துத்தான் நான் இன்றைக்கும் உல்லன் தொப்பியும் ஸ்வெட்டரும் பின்னுகிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பத்தாவதுக்கு மேல் படிக்காத எனக்கு ஆத்தா கொடுத்த கணக்கு அது.

எங்கள் தெருக் கும்மியில் நாலு தட்டுத் தட்டி, அப்புறம் மூன்று எண்ணிக்கைக்குக் கையை வீசிச் சும்மா அசைவோம். நாலும் மூன்றும் ஏழு. இப்படிப் பன்னிரண்டு தடவை போனால் பாட்டில் ஒரு பத்தி முடியும். முடிந்ததும், அடுத்ததைத் தொடங்குவதற்கு முன்னால், எல்லாரும் சந்நிதிப் பக்கம் குனிந்து தனியாக ஒரு தட்டுத் தட்டுவோம். அதற்கு ‘ஆத்தாளுக்கு ஒண்ணு’ என்று பெயர். வேறு தெருவில் இந்த வழக்கம் கிடையாது. “என்னாடி, கீழத்தெருக்காரிங்களுக்கு எண்ணவே வராதா?” என்று மேலத்தெருக்காரிகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேலி பேசுவார்கள். “ஒங்களுக்குக் குடுக்க மனசு வராது, அதான் தட்டல,” என்று எங்கள் அம்மா திருப்பிக் கொடுப்பாள்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சர் எங்களுக்கு நாலு ஊசி வைத்து வட்டமாகப் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்த ஐப்பசியில் என் அக்கா மல்லிகா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மார்கழிப் பனியில் பிறக்கப்போகிற பிள்ளைக்கு என் கையால் தொப்பி போட வேண்டும், அதைத்தான் அது முதலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. அரியலூர்க் கடையில் மாம்பழ மஞ்சளில் ஒரே ஒரு உல்லன் உருண்டைதான் இருந்தது. அப்பா அதை வாங்கி வந்தார்.

டீச்சர் சொல்லிக் கொடுத்த டிசைன் சுலபமானது. கண்ணி என்றால் ஊசியில் ஏறுகிற நூல் வளையம்; வட்டம் முழுக்க எண்பத்து நாலு கண்ணி. நாலு கண்ணி மேடாக, மூன்று கண்ணி பள்ளமாக, மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். ஒரு சுற்றின் மேட்டுக்கு மேலேயே அடுத்த சுற்றின் மேடும் வந்து உட்கார்ந்தால், சோளக்கொல்லையில் பார் பிடித்த மாதிரி நேர் நேராக வரி எழும்பும். ஆனால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எதையாவது எண்ண முடியுமா? “சாந்தி, புளி எங்கடி வச்சே?” என்று அம்மா கேட்பாள், “எனக்கு ஒரு வாய் தண்ணி,” என்று அக்கா கேட்பாள், எண்ணிக்கை போய்விடும். அதனால் கும்மிப் பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே பின்ன ஆரம்பித்தேன். தட்டுக்கு மேடு, சும்மா இருக்கிற இடத்துக்குப் பள்ளம். பாட்டில் ஒரு பத்தி முடிந்தால் எண்பத்து நாலும் முடிந்து ஒரு சுற்று ஆகிவிடும். கை தானாக ஓடியது.

மூன்றாம் நாள் நாலு விரல் உயரம் வந்தபோது பார்த்தால், வரிகள் நேராக ஏறாமல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து போகின்றன.

“என்னாடி இது, வரப்பு கோணிக்கிட்டுப் போவுது? பிரிச்சிடு,” என்றாள் அம்மா.

அக்கா வாங்கித் தன் வயிற்றின் மேல் கவிழ்த்துப் பார்த்தாள். “இருக்கட்டும்மா. எம்புள்ள தலை நேரா இருந்தாப் போதும்.”

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெயங்கொண்டத்திலிருந்து அக்காவின் மாமியார் பலகாரத் தூக்கோடு வந்து சேர்ந்தார். தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நாங்க திருச்சியிலயே வாங்கிட்டோம் அண்ணி,” என்று அம்மாவிடம் சொன்னார். “மிஷின்ல போட்டது. நூல் புடிச்சாப்ல இருக்கு. சின்னப் பொண்ணு, பாவம், வெளையாடட்டும்.” எனக்கு அந்தப் ‘பாவம்’தான் சுட்டது.

மறுநாள் டீச்சரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு கண்ணி விடல, ஒண்ணு கூடல. அப்புறம் எப்படி கோணுது? எப்படி எண்ணுறே, எண்ணிக் காட்டு,” என்றார். மேசையில் தட்டிப் பாடிக் காட்டினேன். பன்னிரண்டு முடிந்ததும் என் தலை தானாகக் குனிந்தது, கை இன்னொரு தட்டுத் தட்டியது. டீச்சர் சிரித்துவிட்டார். “அட பொண்ணே, சாமி தட்டையும் சேத்துப் பின்னியிருக்கே!”

அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆத்தாளுக்கு என்று ஒரு கண்ணியைத் தனியாகப் பின்னிவிட்டு, அதற்கு அடுத்த கண்ணியிலிருந்து புதுச் சுற்றைத் தொடங்கியிருக்கிறேன். சுற்றுக்கு ஒரு கண்ணி தள்ளித் தள்ளி, வரி முழுக்கச் சாய்ந்துவிட்டது. “நாள் இருக்கு, பிரிச்சு நேராப் போடு,” என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து நூல் முனையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிரித்தால் அழகாகப் போட்டுவிடலாம், ஒருவரும் பேச முடியாது. பிரிக்காவிட்டால் திருச்சித் தொப்பிதான் பிள்ளையின் தலைக்கு ஏறும், என்னுடையது பெட்டியில் கிடக்கும். எல்லாம் தெரிந்தும் இழுக்கக் கை வரவில்லை. தெரியாமல் கொடுத்தேனோ தெரிந்து கொடுத்தேனோ, சாமிக்கென்று கொடுத்ததை எப்படித் திரும்ப எடுப்பது? தாயே, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் அதே கோணலில், அதே பாட்டில், உச்சி வரைக்கும் பின்னி முடித்தேன்.

பிள்ளை சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முந்திக்கொண்டது. அரியலூர் ஆஸ்பத்திரியில், மார்கழிக் காலையில், ஒரு கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு பெண் குழந்தை. “எடை கொறைச்சல். தலையில குளிர் ஏறக்கூடாது, தொப்பி கழலாமப் பாத்துக்கங்க,” என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் மாமியார் திருச்சித் தொப்பியைப் போட்டார். அது கண்ணை மூடி மூக்கில் வந்து நின்றது. மடித்துப் போட்டார், கழன்று விழுந்தது. நாடாவால் கட்டப் போனார், குழந்தை வீறிட்டது. அம்மா கூடைக்குள்ளிருந்து என் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

அது தலப்பாக் கட்டின மாதிரி அப்படியே சுற்றிப் பிடித்துக்கொண்டது. சாய்ந்து போகிற வரி இழுத்த இழுப்புக்கு விரியும், விட்டால் தலையோடு ஒட்டும் என்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது. திரும்பி வந்த நர்ஸம்மா தொட்டுப் பார்த்தார். “இது நல்லாருக்கு, இதையே எடுக்காதீங்க,” என்றார். நான் கதவோரம் நின்று மாரியாத்தாளைக் கும்பிட்டேன். அக்காவின் மாமியார் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா சாந்தி, இதே கோணல்ல இன்னொண்ணு போட்டுத் தருவியா? ஒண்ணத் தொவைச்சா மாத்தணும்ல?” படுத்திருந்த அக்காவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் குழந்தை தேறி, தை மாசி தாண்டியும் அதே தொப்பியைத்தான் போட்டுக்கொண்டது. தலை வளர வளர அதுவும் கூடவே விரிந்து கொடுத்தது.

கல்யாணமாகிப் பெரம்பலூர் வந்த பிறகும் நான் ஊசியை விடவில்லை. மார்கழி பஜனையின் ஜால்ராச் சத்தத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஸ்வெட்டரில் வைத்தேன். தாலாட்டை அலை அலையாக இழுத்துச் சால்வையில் வைத்தேன். ஒப்பாரியை மட்டும் தொடுவதில்லை. பெங்களூரில் பிள்ளைகளை வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அம்மாக்கள், “அந்தச் சாஞ்ச வரித் தொப்பிதாங்க வேணும்,” என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். இந்த டிசைன் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டால், கோயில் வாசலில் இருக்கிறது என்று சொல்வேன். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரத்தான் செய்கிறது.

போன ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தேன். முளைப்பாரி முன்னைவிட நன்றாகவே வளர்ந்திருந்தது, பெண்களும் நிறைய வந்திருந்தார்கள். பாட்டு மட்டும் இப்போது மைக் செட்டில் ஓடுகிறது. பதிவு பண்ணின பாட்டு யாருக்காகவும் நிற்காது இல்லையா. பத்தி முடிந்ததும் மூச்சுவிடாமல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. குனிவதற்கும் அந்த ஒரு தட்டுக்கும் அதில் இடமில்லை. கை பழக்கம், நான் மட்டும் குனிந்து தட்டிவிட்டேன்.

“அத்தை, ஒண்ணு கூடத் தட்டிட்டீங்க,” என்றாள் பக்கத்தில் நின்ற மருமகப் பெண் ஒருத்தி.

“தெரியும் தாயி. அது ஆத்தாளுக்கு,” என்றேன்.

அன்றைக்கு முழுக்க அந்த வட்டத்தில் எல்லாரையும்விட ஒரு தட்டுப் பிந்தியேதான் சுற்றி வந்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.