மச்சான் பெயரைச் சொல்லாத தொப்பிக்காரர்

அமேலிங் மலையில் சர்க்கார் தொப்பி போட்ட முதல் மனிதர் மலோங். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பக்கத்து மலைக்காரர்கள் தங்கள் ஆளுக்குத்தான் முதலில் கிடைத்தது என்பார்கள். அது மழையில் நனைந்து சுருங்கிய தொப்பி, கணக்கில் வராது.

மலோங்குக்கு நாலு வயதில் அப்பா போனார், ஆறு வயதில் அம்மா. அதன்பின் அவர் வளர்ந்தது அடுத்தவர்களின் பன்றிகளோடுதான். பன்றிக்கு வைத்த சேம்பில் பாதியைத் தான் தின்று வளர்ந்த உடம்பு. அதனால்தான் அந்தத் தோள். மீசை முளைத்ததும் நியூகினிக் கடற்கரைக்கு இறங்கிப்போய், வெள்ளைக்காரர்களின் கொப்பரைத் தோட்டத்தில் ஆறு வருஷம் தேங்காய் உடைத்தார். திரும்பும்போது ஒரு இரும்புக் கோடரியும் தோட்டத்துப் பேச்சும் கொண்டுவந்தார். துரைமார்களுக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான். கோடரி ஊரில் இன்னும் நாலு பேரிடம் இருந்தது. பேச்சு இவர் ஒருவரிடம்தான் இருந்தது.

ஆஸ்திரேலிய சர்க்காரின் ரோந்துத் துரை முதல்முதலாக மலையேறி வந்தபோது, "ஊருக்குத் தலைவன் யாரு?" என்று கேட்டார். அமேலிங்கில் அப்படி ஒருவரும் கிடையாது. பெரிய விருந்து வைத்தவர் அடுத்த ஆள் விருந்து வைக்கிற வரைக்கும் பெரிய மனிதர், அவ்வளவுதான். ஆனால் கேள்வி புரிந்தது மலோங்குக்கு மட்டும்.

"நான்தான்," என்றார்.

துரை சிவப்புப் பட்டை வைத்த கறுப்புத் தொப்பி ஒன்றை எடுத்து அவர் தலையில் வைத்தார். எதற்கு என்று ஊர் கேட்டது.

"வெயில் அதிகமாம்," என்றார் மலோங்.

எதற்கு என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. ரோடு வெட்ட ஆள் அனுப்ப வேண்டும், துரையின் பெட்டிகளைச் சுமக்க ஆள் அனுப்ப வேண்டும், கழிப்பறை தோண்ட வேண்டும். அமேலிங்கில் ஏழு கழிப்பறைகளைத் தோண்ட வைத்தார் மலோங். சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு சுத்தமான கழிப்பறைகள் கிடையாது. ஒருவரும் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

தொப்பியை அவர் தூங்கும்போதும் கழற்றவில்லை. ஆற்றுக்கு அப்பால் ஒரு தொப்பிக்காரர், சொன்ன ஆட்களை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தவில்லை என்று துரை அந்த இடத்திலேயே தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனதை இவர் கண்ணால் பார்த்திருந்தார். தொப்பி போனால் மலோங் மறுபடி பன்றி மேய்த்த அநாதைதான். அதை நினைவுபடுத்துவதற்கென்றே அவருக்கு ஒரு மூத்த மச்சான் இருந்தார். மனைவி சாயூமின் அண்ணன். அவர் பெயரை இதை எழுதும் கையும் எழுதாது. எழுதுகிறவனும் அந்தக் குடும்பத்தில்தான் பெண் எடுத்திருக்கிறான்.

பெண் கொடுத்த வீட்டாரின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் பன்றி அடித்துக் கொடுக்க வேண்டும். பன்றி கிடக்கட்டும். அன்றைக்கே மனைவி தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், அந்த வீட்டு நெருப்பருகே ஆயுசுக்கும் உட்கார முடியாது. ஆகவே மாமியார் பெயர் தேவைப்பட்டால் பக்கத்தில் நிற்பவரை இடித்து, அவரைச் சொல்ல வைப்பதுதான் வழக்கம்.

மறுவருஷம் துரை ஒரு புத்தகத்தோடு வந்தார். ஊரையே வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு ஆளின் பெயரையும் தொப்பிக்காரர் சொல்லச் சொல்ல எழுதினார். தொப்பி போட்டவன் வாயிலிருந்து வருவதுதான் புத்தகத்தில் ஏறும் என்பது சட்டம். முப்பது பேர் வரைக்கும் தடையில்லாமல் போனது. பிறகு மனைவி வீட்டார் பதினோரு பேர் நின்றார்கள். அடுத்த ஆளை இடிக்கலாம்; ஆனால் தன் ஊர்க்காரன் பெயருக்கு இன்னொருவனைக் கேட்கிற தலைவனுக்குத் தொப்பி எதற்கு என்று துரை நினைத்துவிட்டால்?

மலோங் யோசிக்கவில்லை. துரையின் காதருகே குனிந்து, உயரமான சின்ன மச்சானுக்கு மூங்கில் என்றார். மாமியாருக்கு வெள்ளைச்சேம்பு. இப்படிப் பத்துப் பேருக்கு நல்ல பெயராகவே வந்தது. மூத்த மச்சான் மட்டும் அதற்கு முந்தின விருந்தில், "பன்னிக்காரரே, கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்று நூறு பேர் நடுவே சொல்லியிருந்தார். அவருக்கு ஈரவிறகு என்று வந்தது.

பொழுது சாய்வதற்குள் மலோங் சொன்னபடி சாயூம் அண்ணன் தம்பிகளிடம் விஷயத்தைச் சொன்னாள்: இனி துரை கூப்பிட்டால் அந்தப் பெயர்களுக்கு முன்னால் வர வேண்டும். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். மூத்தவர் கேட்டார்:

"எனக்கு என்ன வச்சிருக்காரு?"

"அது... ஏதோ விறகு, அண்ணே."

"என்ன விறகு?"

"நல்ல விறகுதான். கொஞ்சம் ஈரம்."

அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். அடுத்த ரோந்துக்காக ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தார்.

அடுத்த முறை வந்தது புதுத் துரை. வெயிலில் மூக்கு உரிந்த இளவயதுக்காரர். புத்தகத்தைப் பிரித்துக் கூப்பிட ஆரம்பித்தார். மூங்கில் முன்னால் வந்து நின்றான். வெள்ளைச்சேம்பு சிரித்துக்கொண்டே வந்தாள். பிறகு, "ஈரவிறகு!"

யாரும் வரவில்லை. மூத்த மச்சான் பாக்கை மென்றபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒரே ஒரு அடி முன்னால வாங்க," என்றார் மலோங், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"யாரையோ விறகுன்னு கூப்பிடுறாங்களே மாப்பிள்ளை. அடுப்புப் பக்கம் போய்ப் பாருங்க."

வரிசை முழுக்கச் சிரிப்பு. துரை தலை நிமிர்ந்தார். "இந்த ஆளு எங்கே? வரிசைக்கு வராதவனுக்கு ரெண்டு மாசம் ஜெயில். கொண்டுவராத தொப்பிக்காரனுக்குத் தொப்பி கிடையாது. தெரியுமில்ல?"

"அவன் செத்துட்டான் தொரை," என்றார் மலோங்.

துரை அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார்.

"இப்ப என்ன சொன்னீங்க?" என்றார் மச்சான். அவருக்குத் தோட்டத்துப் பேச்சு தெரியாது.

"நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னேன்."

"எதுல செத்தேன்?"

"அவரு கேக்கல. கேட்டா காய்ச்சல்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"காய்ச்சலா! கிழவிங்கதான் காய்ச்சல்ல சாவாங்க. காட்டுப்பன்னி குத்திடுச்சுன்னு சொல்லுங்க. பெரிய பன்னி."

மூங்கில் எட்டிப் பார்த்தான். "மச்சான், செத்தவங்களுக்கு ரோட்டு வேலை உண்டா?"

"கிடையாது."

"அப்ப என்னையும் அப்படியே..."

"வாய மூடு!"

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தத் துரை தலைகளையும் எண்ணுகிற ரகம். புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டு, வரிசையில் நூற்றுப் பதின்மூன்று. ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு வந்து மூத்த மச்சானிடம் நின்றார்.

"இவன் யாரு? பேரு என்ன?"

மலோங் சாயூமைத் திரும்பிப் பார்த்தார். உண்மைப் பெயரைச் சொன்னால் சாயூம் போய்விடுவாள்; பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் தொப்பி போகும்.

"நீங்களே சொல்லிடுங்க மச்சான்."

"நான் சொன்னாலும் தொரைக்குத் திருப்பிச் சொல்றது நீங்கதான? தொப்பி போட்டவங்க, ஊர்ல எல்லார் பேரும் தெரிஞ்சவங்க. சொல்லுங்க கேப்போம். இன்னொரு விறகு வந்துச்சுன்னா நான் இங்கயே சம்மணம் போட்டு உக்காந்துருவேன்."

துரை கையை நீட்டினார். "உன் ஆளு பேரு உனக்கே தெரியலயா? கழட்டு அதை."

நீட்டிய கை தொப்பியின் விளிம்பைத் தொட்டபோது மலோங் வாயைத் திறந்தார்.

"மலோங்."

"அது உன் பேருல்ல?"

"ஆமா தொரை. இவனுக்கும் அதான்."

துரை எழுதிக்கொண்டார்: மலோங், இரண்டாமவன். நூற்றுப் பதின்மூன்று சரியாக வந்ததில் அவருக்குத் திருப்தி. அந்த மலையில் அந்த நேரத்தில் அப்படி ஒரு யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது, இதையும் பதிந்து வைக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெயர் ஊர் காதிலும் விழுந்தது. மூத்த மச்சான் மெல்வதை நிறுத்திவிட்டார். எங்கள் மலையில் தன் பெயரைத் தானே இன்னொருவருக்குக் கொடுத்தால் இருவரும் பெயர்ப்பங்காளிகள். ஒருவர் தோட்டம் மற்றவர் தோட்டம், ஒருவர் பாக்கு மற்றவர் பாக்கு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள மாட்டார்கள். "என் பேரே" என்றுதான் பேச்சு. பிறந்த குழந்தைக்கு அப்படிக் கொடுப்பது உண்டு. பல் ஆடுகிற மச்சானுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

துரையின் பெட்டிகள் மலை இறங்கும்வரை மச்சான் காத்திருந்தார். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், நகரச் சொல்லவில்லை.

"என் பேரே," என்றார்.

"சொல்லுங்க, என் பேரே," என்றார் மலோங். வேறு வழியில்லை.

"அந்தத் தொப்பியக் கொஞ்சம் குடுங்க."

மலோங் கொடுத்தார். மச்சான் தலைக்கு அது கொஞ்சம் பெரிது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு நிலவுக்கு இவர், மறு நிலவுக்கு அவர். வந்துபோன துரைமார் ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. சாயூம் எங்கும் போகவில்லை. பத்தொன்பது வருஷம் தொப்பி அமேலிங்கை விட்டு நகரவில்லை.

மச்சானுடைய முதல் நிலவில், ரோட்டு வேலைக்கு ஆள் கேட்டுச் சேதி வந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக மலோங் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"மண்வெட்டி எடுத்துக்கிட்டு வாங்க, என் பேரே. மத்தவங்கள அப்புறம் கூப்பிட்டுக்கலாம்."

மலோங் போனார். அன்றைக்கு வெட்டிய ரோட்டில் நேராக இருக்கும் பகுதி அவர் வெட்டியதுதான்.