அத்தை அழிக்காத பொட்டு

அத்தையைத் தெரிந்த யார் கையில் இந்தத் தாள்கள் கிடைத்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம் காட்டாதீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மேசை விளக்கைத் துண்டால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். நல்ல மழை. பக்கத்து வீட்டு அங்கிள் குடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். "பையை எடுத்துக்கம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார். தான் நனைந்துகொண்டு, குடை முழுவதையும் என் தலைக்கே பிடித்தபடி அவர் நடந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் அத்தையின் உடலைச் சுற்றி நின்ற பெண்கள் மஞ்சளும் குங்குமமும் சிவப்புச் சேலையும் எடுத்து வைத்திருந்தார்கள். அப்பா தடுத்தார். "வெள்ளை கட்டுங்க. எங்கக்கா புருஷன் செத்து நாப்பது வருஷம் ஆச்சு. அக்கா உசுரோட இருந்தப்ப சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரல." பெண்கள் சிவப்புச் சேலையை மடித்து வைத்தார்கள். அத்தை வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு போனார்.

அந்த நெற்றியை நீங்கள் யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் முதலில் எழுபவர் அத்தைதான். தேத்தண்ணி குடிப்பதற்கு முன்பே பொட்டு வைத்துவிடுவார். பிறகு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போவார். பச்சை, ஊதா, அரக்கு என்று கண்ணைப் பறிக்கும் சேலையாகத்தான் கட்டுவார். அம்மா கிண்டல் செய்தால், "நாள் பூரா வெள்ளைத் துணிதான்லா துவைக்கிறேன். வீட்டுலயும் வெள்ளையா?" என்பார்.

அத்தையின் கணவரை ஜப்பான்காரன் காலத்தில், கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லோரி நகரும்போது மாமா திரும்பிப் பார்த்து, "கோழியை அடைச்சிடு" என்று கத்தினாராம். அவ்வளவுதான், அவர் திரும்பவில்லை. அப்போது அப்பா சின்னப் பையன். தாய் தகப்பன் இல்லாமல் அக்கா வீட்டில் வளர்ந்தவர். அந்தப் பஞ்சத்தில் அத்தை தன் தாலியை விற்று அவருக்குக் கஞ்சி ஊற்றினார். பொட்டு மட்டும்தான் மிச்சம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, டிசம்பர் பள்ளி விடுமுறையில், அந்த ரயில் பாதையைப் பார்க்கப் போகலாம் என்று அப்பா சொன்னார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வருஷம் பூரா செந்தூல் ஒர்க்‌ஷாப்ல ரயிலு. லீவுக்கும் ரயிலத்தான் காட்டுறாரு. பினாங்கு போனா கடலாவது பாக்கலாம்."

"கடல் எங்க ஓடிடப் போவுது?" என்றார் அத்தை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா."

பாங்காக்கில் தங்கி, விடிவதற்குள் கிளம்பிக் காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தோம். அப்படி ஒரு குளிரை நான் கோலாலம்பூரில் அறிந்ததே இல்லை. ஆற்றிலிருந்து பனி எழும்பி ஊரையே மூடியிருந்தது. அரக்குச் சேலைக்கு மேல் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அத்தை எனக்கு முன்னால் நடந்தார். பனியில் அவர் கரைந்து போவதும், திரும்பிப் பார்க்கும்போது பொட்டு மட்டும் முதலில் தெரிவதுமாக இருந்தது. இப்போதும் கனவில் அப்படித்தான் வருகிறார்.

யுத்தத்தில் அந்த ரயில் பாதை போட்டு இறந்தவர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருந்தன. தாழ்வான கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்த் தகடு, நடுநடுவே பூச்செடிகள். "படி குட்டி" என்றார் அத்தை. நான் பெயரையும் வயதையும் படித்தேன். எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள். அத்தை ஒவ்வொரு கல்லையும் குனிந்து தொட்டார். "பாவம், இருபத்தி மூணு வயசு. இவன் அம்மா என்னா பாடு பட்டிருப்பா."

வரிசைகள் முடிந்தன. அத்தை அப்பாவைப் பார்த்தார். "தம்பி, நம்மாளுங்க எங்கடா?"

"இது சோல்ஜருங்களுக்கு மட்டும்க்கா. நம்மாளுங்களுக்கு இங்க... இல்ல."

அத்தை கடைசிக் கல்லைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "செத்தவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்கான். உங்க மாமா பேரு இல்ல. அப்ப அவரு சாகலடா."

அப்பாவின் கை சட்டைப் பையிலேயே நின்றுவிட்டது. அதில் எள்ளும் சூடமும் இருந்தன. அன்று ஆற்றங்கரையில் மாமாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, அத்தைக்கு உண்மையைச் சொல்லிவிடத்தான் எங்களை அழைத்து வந்திருந்தார். அவரால் முடியவில்லை. ஆற்றங்கரைக்குப் போனதும் அத்தை ஆற்றில் இறங்கி, பொட்டு நனையாமல் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தூரத்தில் பாலத்தின் மேல் ஒரு ரயில் மிக மெதுவாகப் போனது. அதன் சத்தம் முதலில் கேட்டது. பனிக்குள்ளிருந்து பெட்டிகள் பிறகுதான் வந்தன.

திரும்பும் ரயிலில், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அப்பா அம்மாவிடம் சொன்னார். யுத்தம் முடிந்து திரும்பி வந்த தோட்டத்து ஆள் ஒருவர், மாமா காய்ச்சலில் செத்துப்போனதைச் சின்னப் பையனான அவரிடம் சொல்லியிருக்கிறார். "அக்காகிட்ட சொன்னா நானே மாமாவக் கொன்ன மாதிரி ஆயிடும்னு இருந்துச்சு. சொல்லாமலே விட்டுட்டேன்." அப்பா அழுவதை நான் முதல்முறையாகக் கேட்டேன். எதிர்ப் படுக்கையில் அத்தை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

விடிந்ததும், ஆடும் ரயிலின் கண்ணாடி முன் நின்று அத்தை பொட்டு வைத்தார். வழக்கத்தைவிடப் பெரியது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தை, ராத்திரி நீங்க..."

"அந்த ஆளு உங்கப்பன்கிட்ட மட்டுமா சொன்னாரு? என்கிட்டயும்தான் சொன்னாரு குட்டி" என்றார், விரலைத் துடைத்துக்கொண்டே. "நான் வீட்டுக்குள்ள வந்தேன். பையன் மூலையில நடுங்கிக்கிட்டு என் நெத்தியவே பாத்துக்கிட்டு இருந்தான். பொட்ட எப்படி அழிக்கிறது? அவனுக்குச் சொல்ல வரல. எனக்குக் கேக்க வரல. இப்படியே இருந்துட்டுப் போவுது. நீ அவன்கிட்ட சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

நாளை கருமாதி. இன்று சாயங்காலம் அப்பா அத்தையின் பெரிதாக்கிய படத்தைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினார். ஸ்டூடியோவில் சொல்லிப் பொட்டை அழித்திருக்கிறார். அக்காவுக்குக் கடைசியில் உண்மையாக நடந்துகொண்டதாக நினைக்கிறார். அந்தப் பொட்டு அவருக்காக வைத்தது என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னால் அத்தைக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். சொல்லாவிட்டால் அத்தை அந்த வெறும் நெற்றியோடே சுவரில் இருப்பார்.

அத்தையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய குங்குமச் சிமிழ் ஒன்றுதான். இதை எழுத உட்காருவதற்கு முன் அதைத் திறந்தேன். நாற்காலி போட்டு ஏறி, படத்தின் கண்ணாடி மேல், அத்தை வைக்கும் அளவுக்கே—

கூடத்தில் விளக்கு எரிகிறது. கதவிடுக்கில் வெளிச்சம். அப்பாவின் காலடிச் சத்தம் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. ரொம்ப நேரமாக அங்கேயே நிற்கிறார். என் விரல் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

கதவைத் தட்டுகிறார். "குட்டி" என்கிறார். அப்பா என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் இந்தத் தாள்களை மறைக்கப் போவதில்—