பெண்வீட்டு ஜன்னலுக்கு இரண்டு பொத்தான்

மகன் வாங்கிய புது மடிக்கணினியைத் திறந்தால், திரையில் விரியும் ஜன்னலின் மேல்பட்டையில் மூட, சுருக்க, பெரிதாக்க என்று இருக்கும் பொத்தான் ஒன்றுகூட இல்லை. சுட்டியைக் கிட்டே கொண்டுபோனால்தான் தலைகாட்டுமாம். "எங்க அச்சன் கண்டிருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்" என்று தன் அப்பாவை நினைத்துக்கொண்டாள் மனைவி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கேரள எல்லையோரத்துப் பனச்சமூட்டில் கணினி வைத்து அச்சுக்கோர்க்கும் கடை போட்டிருந்தேன். பக்கத்தில் ரப்பர் ஷீட் கடை. அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கல்யாண அழைப்பிதழ்தான் ஞாபகம் வரும். திருவனந்தபுரத்து நண்பன் ஒருவன் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்திருந்தான். ஒரு கோப்பில் நாலு வரி எழுதினால் போதும், ஜன்னலுக்கு எத்தனை பொத்தான், என்ன நிறம் என்று நாமே தீர்மானிக்கலாம். வாடிக்கையாளர் காத்திருப்பார், நான் பொத்தானுக்கு நீலம் பூசிக்கொண்டிருப்பேன். உருப்படுகிற லட்சணமா அது!

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு எல்லைக்கு அந்தப்பக்கம் ஆரியங்கோடு. எங்கள் பக்கம் அழைப்பிதழ் இரண்டு மொழியில் வேண்டும். எங்கள் வீட்டுக்குத் தமிழ் ஒரு ஜன்னலில், பெண்வீட்டுக்கு மலையாளம் இன்னொன்றில். மலையாளத்தைத் தட்டுத்தடுமாறித்தான் அடிப்பேன். கைதவறி இரண்டு தடவை மூடி, அடித்ததெல்லாம் போயிற்று. அதனால் அந்த ஜன்னலுக்கு மட்டும் மூடும் பொத்தானை எடுத்துவிட்டேன்.

பிழை பார்க்க வருங்கால மாமனார் வந்தார். எழுத்தைப் பார்க்கவில்லை. விரல்விட்டுப் பொத்தானை எண்ணினார்.

"செறுக்கன் வீட்டுக்கு மூணு. பெண்ணு வீட்டுக்கு ரெண்டாக்கும்?"

"மாமா, அது தெரியாம மூடிரக் கூடாதுன்னு..."

"இப்பமே கொறவு வெச்சா, பெறவு எனக்க மோளுக்கு என்ன உண்டு?" என்று குடையைக் கையில் எடுத்துவிட்டார்.

ஓடிப்போய் வாசலை மறித்தேன். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "ஒரு நிமிஷம் மாமா" என்று கோப்பைத் திறந்து, அவசர அவசரமாகத் திருத்தி, மறுபடி ஏற்றினேன். எங்கேயோ ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருக்கிறேன். இரண்டு ஜன்னலிலும் எல்லாப் பொத்தானும் மாயம். சுத்த மொட்டை.

தொலைந்தேன் என்று நினைத்தேன். மாமனார் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இதாக்கும் நியாயம். மக்கா, ஒரு சாயா சொல்லு."

கல்யாணம் நடந்தது. அந்தக் கோப்பைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. கடைக்கு வரும்போதெல்லாம் அவர் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வருகிறவர்கள் "மிஷின் கேடாயிப்போச்சா?" என்பார்கள். விசைப்பலகையில் தட்டித் தட்டியே வருஷக்கணக்கில் ஜன்னல்களை மூடினேன்.

அவர் காலமான மறுவாரம் உட்கார்ந்து பிழையைத் தேடித் திருத்தினேன். இரண்டு ஜன்னலுக்கும் மூன்று மூன்று பொத்தான் வந்தது. குனிந்து எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை.