பால்கனியில் இருந்த ஷூ

இன்று மெட்ரோ வாசலில் பாலிஷ் வாசனை வந்ததும், இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் பால்கனி நினைவுக்கு வந்தது. அப்பா பேரம் பேசி மலிவாக வாங்கிய நல்ல தோல் ஷூ அங்கேதான் இருந்தது. வீட்டுக்குள் தோல் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஞாயிறுதோறும் அப்பா அதைப் பழைய பனியனால் துடைத்து, பாலிஷ் தேய்த்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து வைப்பார். ஆபீஸுக்குச் செருப்புதான்.

"பிரமோஷன் வரட்டும், அன்னிக்குப் போட்டுக்கறேன்."

"அதுக்குள்ள ஷூ ரிட்டயர் ஆயிடும்," என்பாள் அம்மா.

ஜூன் மாத அனல்காற்று வருடாவருடம் அந்தப் பால்கனியில் வீசியது; பிரமோஷன் வரவேயில்லை. ஓய்வுபெறும் நாளன்று ஷூ அணிந்து கிளம்பியவர், மாடிப்படி இறங்குவதற்குள் அடித்தோல் பிளந்துவிட, திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலை அம்மாவே ஷூவை வீட்டுக்குள் எடுத்து வைத்தாள். அடுத்த ஞாயிறு அப்பா பாலிஷ் டப்பாவைத் திறக்கவில்லை.