பதினாலில் நின்ற கை

தண்ணீர்த் தம்ளரைக் கொடுத்தால் உடனே குடித்துவிட மாட்டார். சட்டைப் பையிலிருந்து பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து, மூடியைக் கழற்றி, முனையைத் தண்ணீருக்குள் விட்டு, எண் ஓர் இடத்தில் நிற்கும் வரை புருவத்தை உயர்த்திக்கொண்டு காத்திருப்பார். "நூத்தி எண்பது. பரவால்ல, குடிக்கலாம்" என்று வீட்டுக்காரருக்கே அனுமதி கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மடக் மடக்கென்று குடிப்பார். தண்ணீரில் என்னவெல்லாம் கரைந்திருக்கிறது என்பதை பிபிஎம் கணக்கில் சொல்லும் கருவி அது. அதனால் ஆஸ்பத்திரியில் அவர் பெயரே பிபிஎம் அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

டயாலிசிஸ் பிரிவில் வேலை. ஊசி குத்துவதும் மருந்து கொடுப்பதும் மற்றவர்கள் பாடு. பன்னிரண்டு இயந்திரங்களுக்குப் போகிற தண்ணீர் இவர் பாடு. இருபத்திரண்டு வருடமாகக் காலையில் முதலில் கண் போவது உப்பு மீட்டரின் மேல். அது பேனாக் கருவி அல்ல, அதன் அளவுக் கணக்கே வேறு. இயந்திரத்துக்குள் கலக்கிற உப்புக் கரைசல் பதினாலில் நிற்க வேண்டும். ரத்தத்தின் உப்பு ஏறக்குறைய அந்த அளவு. பதினாலரை என்றால் முகம் சுருங்கிவிடும். பதினைந்து என்றால் யாரோடும் பேச்சில்லை. "ஒரு ஆளோட ரத்தம் இது வழியாத்தான் போய்ட்டு வருது. மறதி எனக்கு வரலாம், என் கைக்கு வரக்கூடாது" என்பார்.

இப்படிப்பட்டவர் ஐம்பது வயதில் கடல் மீன் வளர்க்கப் புறப்பட்டதற்குக் காரணம் மனைவி.

மனைவி கணக்கு டீச்சர். இரண்டு வருட ஒப்பந்தத்தில், பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் துறைமுக ஊர் ஒன்றுக்கு வேலைக்குப் போனார். தினமும் மாலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நடந்துகொண்டே கூப்பிடுவார். ஆரம்பத்தில் இவர் சாப்பிட்டாரா என்று விசாரித்தார். பிறகு கடலைப் பற்றிச் சொன்னார். இப்போதெல்லாம் நடுவில் ஒன்றும் பேசாமல் இருந்துவிடுகிறார். இவர் காதில் அலை மட்டும் விழுகிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டித்துக்கொள்ளச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆறு வாரம் கழித்து, பத்து நாள் விடுப்பில் வரும்போது முடிவு செய்வதாக மனைவி சொன்னார்.

"அங்க ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டு ஏசி பொட்டி. இங்க நாப்பத்தாறு வயசுல எனக்குன்னு ஒரு கடல் கெடச்சிருக்கு. எப்படிங்க விட்டுட்டு வர்றது?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தார். கடலோடு போட்டி போட்டு ஜெயிக்கிற மூஞ்சியா இது என்று தோன்றியது. "சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். மறுநாள் வேலை முடிந்ததும் நேராக மீன் கடைக்குப் போய் நின்றார்.

அறுபது லிட்டர் கண்ணாடித் தொட்டியைக் காட்டி, இது போதும் என்றார். "சின்னதுதான் சார் கஷ்டம்" என்றார் கடைக்காரர். "பெருசுன்னா நம்ம தப்பக் கொஞ்சம் தாங்கும். இது ஒரே நாள்ல கவுத்துடும்." இது இவருக்குப் பழகிய விஷயம். அழுக்கை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மர் வேண்டுமா என்று இவரே ஆசையாகக் கேட்டார். இந்த அளவுக்கு அது தண்டச் செலவு, வாரம் ஒரு தடவை ஆறு லிட்டர் மாற்றினால் போதும் என்றார் கடைக்காரர். "எங்க ஆளுங்களுக்கு வாரம் மூணு தடவ. மீன் குடுத்து வச்சது" என்றார் இவர். ஹீட்டர், நீல விளக்கு, தண்ணீரைச் சுழற்ற ஒரு பம்ப், நுண்ணுயிர் குடியிருக்கும் பாறை இரண்டு, ஒரு வாளி உப்பு எல்லாம் ஆயிற்று. ஒரு துளி விட்டுக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் உப்புமானியைக் கடைக்காரர் நீட்டியபோதுதான் சிரித்தார். "உப்புப் பாக்கறதுதாங்க நான் திங்கற சோறு. அத உள்ள வைங்க."

தண்ணீருக்குத்தான் ஒரு வாரம் அலைந்தார். குழாய்த் தண்ணீர் நானூற்றுப் பத்து. கேன் தண்ணீர் அறுபத்து நாலு. அவருடைய ஆஸ்பத்திரித் தண்ணீர் இரண்டு. "சாயங்காலம் மிச்சம் சாக்கடைக்குத்தானேப்பா போகுது, ரெண்டு கேன் எடுத்துக்கோ" என்றார் பெரிய டாக்டர். "அது பேஷன்ட் தண்ணி டாக்டர்" என்று சொல்லிவிட்டு, சமையலறைச் சுவரில் ஆணியடித்துச் சின்ன வடிகட்டி ஒன்றை மாட்டினார். கருவி பூஜ்யம் காட்டியது. அந்தப் பூஜ்யத்தைப் படம் எடுத்து நர்ஸ்களுக்குக் காட்டினார்.

"அண்ணே, போன்ல ஒரு தடவ ‘வந்துடும்மா’ன்னு சொன்னா இவ்வளவு செலவே இல்லையே" என்றாள் ஒரு நர்ஸ்.

"அது வராதும்மா எனக்கு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உப்பைக் கரைத்தார். ஒரு கையில் கரண்டி, மறு கையில் சொந்தமாக வாங்கிய உப்பு மீட்டர். உப்பு கால் வாளிகூடத் தீரவில்லை. கை தானாக நின்று வாளியை மூடிவிட்டது. "நல்ல உப்பு. கொஞ்சம் போட்டாலே புடிச்சுக்குது" என்று கடைக்காரருக்குப் போன் செய்து பாராட்டினார்.

ஒரு மாதம் பாறை மட்டும் இருக்க வேண்டும், அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர் பெருகிய பிறகுதான் மீன் என்று கணக்கு. நான்காவது வாரம் முன்னோட்டமாக மூன்று கடல் நத்தைகளை விட்டார். மூன்றும் ஓட்டுக்குள் சுருண்டு, மல்லாந்து, மாலைக்குள் நாறின. ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஒரு துளி விட்டுப் பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு துளி விட்டார்.

"சார், இது கடல்ல கால் பங்குகூட இல்ல. எவ்வளவு வச்சீங்க?"

"பதினாலு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. அதே மீட்டரில் கடல் ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடமாகப் பதினாலில் நிற்கிற கை, வீட்டிலும் பதினாலில் நின்றிருக்கிறது.

எல்லாம் முதலிலிருந்து. புதுத் தண்ணீர், புதுப் பாறை, மறுபடி ஒரு மாதம். மனைவி வர இரண்டு வாரம்தான் இருந்தது. கடைக்காரருக்கு மனது கேட்கவில்லை. "மேடம் வர்ற அன்னைக்கு ரெண்டு கோமாளி மீன் விட்டுடலாம் சார். பத்து நாள் எப்படியும் தள்ளிடும். அப்புறம் நடக்கறது நடக்கட்டும்."

இவர் வெகுநேரம் அந்த ஆரஞ்சு மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "உடம்புல அழுக்கு ஏறினா எப்படி மூச்சு வாங்குவாங்கன்னு தினம் பாக்கறேன். மீன் வாயத் தொறந்து தொறந்து மூடினா அவளுக்கு அழகாத் தெரியும். எனக்கு என்னன்னு தெரியுமே" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

மனைவி வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமலே தொட்டியைப் பார்த்தார். நீல வெளிச்சம், இரண்டு பாறை, சுற்றிச் சுற்றி வரும் தண்ணீர்.

"மீன் எங்கங்க?"

"தண்ணி இன்னும் ரெடியாகல."

"எப்ப ஆகும்?"

"நீ போய் ஒரு வாரம் கழிச்சு."

பிறகு பதினாலு கதையைச் சொன்னார். மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கடல் வேணும்னா ரத்தத்தக் கலக்கி வச்சிருக்கீங்க. உங்களோட எப்படிங்க குடித்தனம் பண்றது?" சிரிப்பு அடங்கிய பிறகு, எதற்காக இதெல்லாம் என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் கடிதம் மனைவியின் கைப்பையிலேயே இருந்தது. அதை எடுத்துப் பார்க்க இவருக்கு ஒரு நிமிடம் போதும். வீட்டில் அந்தப் பையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிப் போனார்.

எட்டாம் நாள் மதியம் மனைவி தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்ணைத் திறக்காமல். "சத்தந்தான் இல்ல. அங்க இப்படிக் கண்ண மூடினா அது பாட்டுக்கு வந்து வந்து போய்ட்டே இருக்கும்."

இவர் எழுந்து வந்து, தொட்டியின் மூடியை எடுத்துத் தரையில் வைத்தார். சட்டைக் கையை மடிக்க மறந்து, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, பம்பின் வாயைப் பிடித்து மேலே தூக்கினார். தண்ணீர் பொங்கிப் பாறையில் அடித்தது. கொஞ்சம் இறக்கினார், அடங்கியது. மறுபடி தூக்கினார். உப்புத் தண்ணீர் சுவரிலும் தரையிலும் அவர் மூக்குக் கண்ணாடியிலும் தெறித்தது. மனைவி கண்ணைத் திறக்கவில்லை. தூக்குவதும் இறக்குவதுமாக, போனில் கேட்ட அலையின் இடைவெளியை வாய்க்குள் எண்ணியபடி, அவர் நின்றுகொண்டே இருந்தார்.